ஆஸ்பத்திரியில் இருக்கும் பெரியவரை எழுப்பி உட்கார வைப்பது, நடக்க வைப்பது: உடன் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் ஒரு பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பேசாம படுத்து நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்." பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் எழுபதைத் தாண்டிய உடம்புக்கு அந்த ரெஸ்ட்டே பெரிய கெடுதலாகிவிடும். நிமோனியா குணமாகிவிடும், ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் தன் காலால் நடந்து வந்தவர் இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க வீடு திரும்புவார். வார்டில் பிசியோதெரபி பார்க்கும் நான் இதை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் இது தடுக்கக்கூடியது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

படுக்கை எவ்வளவு வேகமாகத் தசையைத் தின்கிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. எந்த நோயும் இல்லாத, சராசரியாக 67 வயதுள்ளவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்திருந்தது. ஆரோக்கியமானவர்களுக்கே அப்படியென்றால் காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தவருக்கு என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தசை மட்டுமல்ல, நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தங்கும், முதுகுக்குக் கீழே புண் வரும், மலச்சிக்கல் வரும், காலில் ரத்தம் உறையலாம், மனம் குழம்பும்.

பிசியோ உங்கள் கட்டிலுக்கு வருவது ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது நிமிடம். பெரிய வார்டாக இருந்தால் அதுவும் தினமும் கிடைக்காது. மீதி நேரம் முழுக்கப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். எனவே உண்மையான பிசியோதெரபி உங்கள் கையில்தான் இருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் நாளே சொல்ல வேண்டியது, கேட்க வேண்டியது

கட்டிலில் சுருண்டு படுத்திருக்கும் 82 வயதுக்காரரைப் பார்த்தால், புதிதாகப் பார்க்கும் யாருக்கும் இவர் எப்போதுமே இப்படித்தான் என்று தோன்றிவிடும். போன மாதம் வரை காலையில் பால் வாங்கக் கடைக்கு நடந்தே போனார், மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டார் என்று நீங்கள் சொன்னால்தான் எங்கள் இலக்கே மாறும். ஆகவே டாக்டர், சிஸ்டர், பிசியோ மூவரிடமும் இதைச் சொல்லுங்கள்: இரண்டு வாரத்துக்கு முன்பு வரை எவ்வளவு நடந்தார், தடி பிடித்தாரா, கடந்த ஒரு வருடத்தில் விழுந்தாரா, தானாகக் குளித்தாரா, வீட்டில் இந்தியன் டாய்லெட்டா வெஸ்டர்னா, எத்தனை படி ஏற வேண்டும், பாயில் படுப்பவரா.

வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியதில் ஹார்லிக்ஸ் பாட்டிலை விட முக்கியமானவை சில உண்டு. மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல் செட், அவர் வழக்கமாகப் பிடிக்கும் தடி, பின்னால் வார் வைத்த செருப்பு. ரப்பர் ஹவாய் செருப்பு வேண்டாம்; ஆஸ்பத்திரி டைல்ஸ் தரையில் அது காலை வாரிவிடும். "தொலைஞ்சு போயிடும்" என்று கண்ணாடியையும் காதுக் கருவியையும் வீட்டிலேயே விட்டுவருவார்கள். கண்ணும் காதும் இல்லாமல் ஒருவரை எழுந்து நட என்றால் பயம்தான் வரும்.

அப்புறம், எழுப்பும் முன் அனுமதி கேளுங்கள். தினமும் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்க வேண்டியவை: இன்று இவரை உட்கார வைக்கலாமா? நாற்காலிக்கு மாற்றலாமா? நடக்கலாமா? அடிபட்ட அல்லது ஆபரேஷன் ஆன காலில் எவ்வளவு எடை போடலாம், முழுசாகவா, பாதியா, தொடவே கூடாதா? எந்த அசைவு கூடாது? "படுத்தே இருக்கட்டும்" என்று பதில் வந்தால் ஏன், எத்தனை நாள் என்றும் கேளுங்கள். காரணம் இருக்கலாம். முதுகெலும்பு முறிவாக இருக்கலாம், ரத்த அழுத்தம் நிலையில்லாமல் இருக்கலாம். ஆனால் பல சமயம் காரணம் தீர்ந்த பிறகும் அந்த உத்தரவு யாரும் மாற்றாமல் அப்படியே நிற்கும். நீங்கள் கேட்டால் மாறும்.

பதில்களை ஒரு நோட்டில் எழுதித் தலைமாட்டில் வையுங்கள். காலையில் மகள், ராத்திரி மருமகன் என்று ஆள் மாறிக்கொண்டே இருப்பீர்கள். பிசியோ சொன்னது அடுத்த ஆளுக்குப் போய்ச் சேர்வதில்லை.

படுத்தபடியே செய்யக்கூடியவை

இன்னும் எழ முடியாத நாளிலும் இவற்றைச் செய்யலாம். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை ஐந்து நிமிடம் போதும்.

பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள், 15 தடவை. விரல்கள் மூக்கைப் பார்க்க வேண்டும், பிறகு கட்டிலின் கடைசிக் கம்பியைப் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் தசை இறுகித் தளரும்போது ரத்தம் மேலே தள்ளப்படும். உறையும் வாய்ப்பு குறையும். அடுத்து, முழங்காலை நேராக நீட்டி, அதைப் படுக்கையில் அழுத்தி 5 எண்ணும் வரை பிடிப்பது. பிறகு குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடியே முழங்காலை மடக்கி நீட்டுவது. இரண்டு முழங்காலையும் மடக்கி இடுப்பைச் சற்றே தூக்குவதும் நல்லது. இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தால் மட்டும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பெட்பேன் வைக்கும்போது இது கைகொடுக்கும்.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கும் என்று கேட்பார்கள். நாள் முழுக்க அப்படியே விட்டால் முழங்கால் மடங்கியபடி இறுகிவிடும். பிறகு நேராக நிற்க வராது. குதிகால் படுக்கையில் அழுந்தாமல் இருக்க வேண்டுமானால் கெண்டைக்காலுக்கு அடியில் மெல்லிய தலையணை வையுங்கள்.

தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்ற வேண்டும். முழுசாகச் சாய்க்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து லேசாகச் சாய்த்தால் போதும். மாற்றும்போதெல்லாம் வால் எலும்பு, இடுப்புப் பக்கம், குதிகால் மூன்றையும் பாருங்கள். அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் புண் தொடங்குகிறது, உடனே சிஸ்டரிடம் காட்டுங்கள். கறுப்புத் தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

இனி மூச்சுப் பயிற்சி. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியைப் பல ஆஸ்பத்திரிகளில் கொடுப்பார்கள். பத்துக்கு ஏழு பேர் அதை ஊதுகிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை. ஊதினால் பந்து அசையாது, "இது வேலை செய்யல" என்று மேசையில் வைத்துவிடுவார்கள். அதை உறிஞ்ச வேண்டும். முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டு, குழாயை உதட்டால் இறுக்கமாகப் பிடித்து, இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது போல மெதுவாக, நீளமாக உள்ளே இழுக்க வேண்டும். முதல் பந்து எழுந்து இரண்டு மூன்று வினாடி அப்படியே நின்றால் போதும். மூன்றையும் வெடுக்கென்று மேலே தூக்குவதால் பெரிதாகப் பயனில்லை. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு 10 தடவை. நடுநடுவே சற்று நிறுத்திச் செய்ய வேண்டும், தொடர்ந்து செய்தால் தலை சுற்றும். வயிற்றிலோ நெஞ்சிலோ தையல் இருந்தால் இருமும்போது ஒரு தலையணையைத் தையல் மேல் அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வலி குறையும், சளியும் வெளியே வரும்.

கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள். அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான், அதிகம் பலன் கிடைப்பதும் இங்கேதான்.

வழக்கமாக நடப்பது என்ன? மகன் முன்னால் நின்று அப்பாவின் இரண்டு கையையும் பிடித்து இழுப்பார். அல்லது "என் கழுத்தைப் பிடிச்சுக்கோங்க" என்று குனிவார். இரண்டிலும் அப்பாவுக்குத் தோள் வலிக்கும், மகனுக்கு இடுப்பு பிடிக்கும். இப்படிச் செய்யுங்கள்.

முதலில் சுற்றிலும் பாருங்கள். கட்டிலுக்குச் சக்கரம் இருந்தால் பூட்டுங்கள். ட்ரிப்ஸ் ஓடுகிறது என்றால் கழற்றி மூட முடியுமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கமாகவே இறக்குங்கள். யூரின் பையைக் காலி செய்து, அவர் இறங்கும் பக்கத்துக்கு மாற்றுங்கள். அது எப்போதும் இடுப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஆக்சிஜன் குழாயின் நீளம் போதுமா என்று பாருங்கள். தரையில் ஈரம் இருந்தால் துடையுங்கள்.

பிறகு அவரிடம் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லுங்கள். சொல்லாமல் தொட்டால் உடம்பு விறைத்துக்கொள்ளும்.

இரண்டு முழங்காலையும் மடக்கச் சொல்லுங்கள். இறங்கும் பக்கமாக முழு உடம்பையும் ஒருசேரப் புரட்டுங்கள். இப்போது இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே விடச் சொல்லுங்கள். கால் கீழே இறங்கும்போதே, கீழ்ப்பக்க முழங்கையாலும் மேல்பக்க உள்ளங்கையாலும் படுக்கையை அழுத்தி அவர் எழ வேண்டும். உங்கள் ஒரு கை அவருடைய தோள்பட்டைக்குப் பின்னால், இன்னொரு கை முழங்காலுக்கு வெளியே. கால் இறங்கும் கனமே உடம்பை மேலே தூக்கிவிடும், நீங்கள் வழிகாட்டினால் போதும். பெரும்பாலான பெரியவர்கள் பாதிக்கு மேல் தாங்களாகவே எழுவார்கள். செய்ய விடுங்கள்.

உட்கார்ந்ததும் பாதம் இரண்டும் தரையில் பதிய வேண்டும். அரசு ஆஸ்பத்திரி இரும்புக் கட்டில்கள் பலவற்றில் உயரத்தை மாற்ற முடியாது. குள்ளமான பாட்டிக்குக் கால் தொங்கும். உட்கார்ந்திருக்கும் வரை காலுக்கு ஒரு பலகையோ படியோ வைக்கலாம். நிற்கும்போது அதை எடுத்துவிட்டு, ஓரத்துக்கு நகர்த்திப் பாதம் தரையைத் தொட்ட பிறகே நிற்க வைக்க வேண்டும். அந்தப் படியின் மேலேயே நிற்க வைத்தால் அது சாய்ந்துவிடும்.

இப்படியே ஒன்றிரண்டு நிமிடம் இருக்கட்டும். பக்கத்திலேயே நில்லுங்கள், மாத்திரை எடுக்கக்கூடத் திரும்பாதீர்கள். பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா என்று கேளுங்கள்; முகம் வெளிறி வியர்க்கிறதா என்று பாருங்கள். பல நாள் படுத்திருந்தவருக்கு எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்குவது சகஜம். எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதை மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள். சுகர் உள்ளவர்கள், பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நீர்ச்சத்து குறைந்தவர்களுக்கு அதிகம் வரும். சுற்றினால் உடனே படுக்க வையுங்கள், சிஸ்டரிடம் சொல்லிப் படுத்தபடியும் உட்கார்ந்தபடியும் பி.பி. பார்க்கச் சொல்லுங்கள். "தலை சுத்துது, இனி எழுப்பவே வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தலைமாட்டை உயர்த்தி அரை மணி நேரம் வைத்து மறுபடி முயலலாம். மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

நிற்பது, நாற்காலிக்கு மாறுவது

நாற்காலியைக் கட்டிலை ஒட்டி, சற்றே சாய்வாகப் போடுங்கள். பலமான பக்கத்தில் இருந்தால் நல்லது. கை வைத்த நாற்காலியாக இருக்கட்டும். லேசான பிளாஸ்டிக் நாற்காலி என்றால் சுவரோடு அணைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் உட்காரும்போது பின்னால் நழுவும்.

ஓரத்துக்கு நகர்ந்து வந்ததும் பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். கையால் கட்டிலை அழுத்தி, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, அப்புறம் எழ வேண்டும். முன்னால் சாயப் பயப்படுவார்கள், நேராக மேலே எழப் பார்ப்பார்கள்; அதனால்தான் திரும்பத் திரும்பத் தொப்பென்று உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்கள் பலவீனமான பக்கம் நின்று, ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் கொடுங்கள். இடுப்பில் கட்டும் பெல்ட் பிசியோ கொடுத்திருந்தால் அதைப் பிடியுங்கள். அக்குளில் கைவிட்டுத் தூக்குவது, கையைப் பிடித்து இழுப்பது இரண்டும் கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்தாரா? நல்லது, இனி மூன்று வேளைச் சாப்பாடும் நாற்காலியில்தான். வேறு எந்தப் பயிற்சியும் செய்யாவிட்டாலும் இதை மட்டும் விடாமல் செய்யுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். முதுகுத் தசை வேலை செய்யும், நுரையீரல் விரியும், சாப்பாடு மூச்சுக்குழாயில் போகும் ஆபத்து குறையும், அதோடு காலை எது, மதியம் எது என்ற நினைப்பும் தெளிவாகும். தொடக்கத்தில் 15, 20 நிமிடம். பிறகு ஒரு மணி நேரம் வரை போகலாம். அதற்கு மேல் ஒரே இடத்தில் வேண்டாம், உட்கார்ந்தாலும் புண் வரும். சாப்பிட்டதும் படுக்க வைக்காமல் அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும்.

பகலில் ஆஸ்பத்திரி உடையை மாற்றி, முகம் கழுவி, தலை வாரி, சொந்த உடை போட்டுவிடுங்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2018-இல் இதையே ஓர் இயக்கமாக நடத்தினார்கள்: நோயாளிகள் எழுந்து, உடுத்தி, நடமாட வேண்டும் என்று. உடை மாற்றியவர் தன்னை நோயாளியாக நினைப்பது குறைகிறது. நம் ஊரில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும்: சேலைக் கொசுவம், தரையைத் தொடும் நைட்டி, அவிழும் கைலி மூன்றும் வாக்கரில் மாட்டும். கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டிவிடுங்கள்.

புரதம் இல்லாமல் தசை திரும்பாது. கஞ்சியும் இட்லியும் மட்டும் போதாது. முட்டை, பருப்பு, பால், மீன் எது ஒத்துக்கொள்ளுமோ அது ஒவ்வொரு வேளையிலும் இருக்கட்டும். நோயுற்ற பெரியவருக்கு எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் புரதம் தேவை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான் இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, டாக்டரிடம் கேட்டே கொடுங்கள்.

வாக்கருடன் நடை

நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் உயரத்தில் வாக்கரின் பிடி இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டிலில் இரவல் வாங்கிய வாக்கர் பெரும்பாலும் பொருந்தாது. காலில் உள்ள பொத்தானை அழுத்தி உயரத்தை மாற்றலாம். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் வேண்டாம்.

வரிசை இதுதான்: முதலில் வாக்கர், அடுத்து வலிக்கும் கால், அப்புறம் நல்ல கால். வாக்கரை ஒரு சிறு அடி தூரத்துக்கு மேல் தள்ளக் கூடாது. எழும்போது வாக்கரைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, அது கவிழும். கட்டிலையோ நாற்காலிக் கையையோ அழுத்தி எழுந்த பிறகே பிடிக்க வேண்டும். உட்காரும்போதும் அப்படித்தான்: முழங்காலின் பின்பக்கம் நாற்காலியில் படும்வரை பின்னால் வந்து, கையால் நாற்காலியைத் தேடிப் பிடித்து, பிறகு உட்கார வேண்டும்.

முதல் நாள் கட்டிலிலிருந்து கதவு வரை போதும். அடுத்த நாள் பாத்ரூம் வரை. ஒரேயடியாக வராண்டா முழுக்க நடத்தி அலுக்க வைப்பதை விட, நாலைந்து தடவை சிறிது சிறிதாக நடப்பது மேல். நடந்தபடியே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நிறுத்தி உட்கார வையுங்கள்.

விழுவது அதிகமும் பாத்ரூம் போகும்போதுதான், அதுவும் ராத்திரி. உங்களை எழுப்பத் தயங்கித் தானே எழுந்து போவார்கள். படுக்கப் போகும் முன் ஒரு தடவை, நடு ராத்திரி ஒரு தடவை நீங்களே கேட்டுக் கூட்டிப்போங்கள். ஒரு சிறு விளக்கு எரியட்டும். நடக்க முடிந்தவருக்கு வசதிக்காக டயப்பர் கட்டிவிடாதீர்கள், யூரின் டியூப் இன்னும் தேவையா என்று தினமும் கேளுங்கள். டியூப் போனால் அவர் தானாகவே ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை எழுந்து நடப்பார்.

இடுப்பு எலும்பு முறிந்தவருக்கு

பாத்ரூமில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் மேல்பகுதி முறிவதுதான் எங்கள் வார்டில் பெரியவர்கள் வந்து சேரும் முக்கியமான காரணம். ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுப்ப வேண்டும் என்றால் குடும்பமே பதறும். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியே மறுநாள் எழுப்பச் சொல்கிறது. கம்பி அல்லது செயற்கை மூட்டு வைப்பதே சீக்கிரம் காலை ஊன்றத்தான். சர்ஜன் அனுமதித்த அளவு எடை போட்டால் வைத்தது உடைந்துவிடாது.

வலி மாத்திரை கொடுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பயிற்சி வைத்துக்கொள்ளுங்கள். பிசியோ வரும் நேரத்தைக் கேட்டு, சிஸ்டரிடம் முன்கூட்டியே சொன்னால் இது நடக்கும். வலியோடு எழுப்பினால் அடுத்த நாள் உங்களைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்வார்கள்.

செயற்கை மூட்டு வைத்திருந்தால் "என்னென்ன கூடாது?" என்று சர்ஜனிடம் கேளுங்கள். பின்பக்கமாகத் திறந்து செய்த ஆபரேஷன் என்றால் பொதுவாகச் சொல்வது: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, அந்தக் காலை உள்பக்கம் திருப்பக் கூடாது. நம் வீட்டு வழக்கத்தில் சொன்னால் சம்மணம், குத்துக்கால், இந்தியன் டாய்லெட், தாழ்ந்த மோடா எல்லாம் கூடாது. பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று: கட்டிலில் உட்கார்ந்தபடி கால்மாட்டில் கிடக்கும் போர்வையை எட்டி இழுப்பதும், குனிந்து செருப்பு வாரை மாட்டுவதும் 90 டிகிரியைத் தாண்டிவிடும். போர்வையை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். பக்கவாட்டில் படுக்கும்போது இரண்டு காலுக்கும் இடையே தலையணை வையுங்கள்.

பக்கவாதம் வந்தவருக்கு

முதல் 24 மணி நேரத்தில் அவசரப்பட வேண்டாம். அந்த நேரத்தில் மிக அதிகமாக எழுப்பி நடத்தினால் பலன் குறைகிறது என்று 2015-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. டாக்டர் சொல்லும் வேகத்தில் போங்கள். விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்க்கும் வரை ஒரு வாய் தண்ணீர்கூட ஊட்டாதீர்கள்.

செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தசையின் பிடிமானம் இல்லாத தோள் மூட்டு நழுவும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். உட்காரும்போது அந்தக் கைக்குத் தலையணை வையுங்கள். பேச்சுக் கொடுப்பதும் சாப்பாடு ஊட்டுவதும் பாதித்த பக்கத்திலிருந்தே செய்யச் சொல்லிப் பிசியோ சொன்னால் அதன்படி செய்யுங்கள், அந்தப் பக்கத்தை மூளை மறந்துவிடாமல் இருக்கத்தான்.

மறுத்தால், குழம்பினால்

"விட்டுடும்மா, நாளைக்குப் பாக்கலாம்" என்பார்கள். வாதாடாதீர்கள். "எக்சர்சைஸ் பண்ணலாம்" என்பதை விட, "காபி வந்திருக்கு அப்பா, அந்த நாற்காலியில உக்காந்து குடிச்சிட்டுப் படுத்துக்கோங்க" என்றால் எழுவார்கள். ஜன்னல் வரை போய் மழை வருகிறதா பார்க்கலாம் என்றாலும் எழுவார்கள். ஏன் மறுக்கிறார் என்றும் பாருங்கள்: வலியா, விழும் பயமா, ராத்திரித் தூக்கமில்லையா, டயப்பர் ஈரமாக இருக்கிறதா?

திடீரென்று ஆள் தெரியாமல் பேசுவது, ட்ரிப்ஸைப் பிடுங்குவது, இல்லாத ஆட்களைப் பார்ப்பது வந்தால் அது "வயசாயிடுச்சு" என்பதல்ல. மூளையின் தற்காலிகக் குழப்பம் அது, பின்னால் தொற்றோ மலச்சிக்கலோ மருந்தோ வலியோ இருக்கும். சத்தம் போடாமல் சுருண்டு தூங்கிக்கொண்டே இருப்பதும் இதே குழப்பத்தின் இன்னொரு முகம். அதை யாரும் கவனிப்பதில்லை. இரண்டையும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். கை காலைக் கட்டிப் போடச் சம்மதிக்கும் முன் வேறு வழி கேளுங்கள். தெரிந்த முகம் பக்கத்தில் இருப்பது, கண்ணாடி போட்டிருப்பது, இன்று என்ன கிழமை என்று சொல்வது, பகலில் எழுப்பி உட்கார வைத்து ராத்திரி விளக்கை அணைப்பது எல்லாம் உண்மையிலேயே உதவும்.

உடனே நிறுத்திக் கூப்பிட வேண்டியவை

நெஞ்சு வலி, திடீர் மூச்சுத் திணறல், கண் இருட்டி வியர்ப்பது, வாய் கோணுவது அல்லது பேச்சுக் குழறுவது, தையலிலிருந்து ரத்தம், ஆபரேஷன் ஆன இடுப்பில் "டக்" என்று வலி வந்து கால் குட்டையாகித் திரும்பிக்கொள்வது. இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திச் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் அந்தக் காலில் எண்ணெயோ தைலமோ போட்டு உருவிவிடாதீர்கள். ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலை அடைக்கலாம். டாக்டர் பார்க்கும் வரை நடத்தவும் வேண்டாம். காலை உருவிவிடுவது நம் வீடுகளில் அன்பின் வழக்கம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டிஸ்சார்ஜுக்கு முன்

டிஸ்சார்ஜ் என்று சொன்ன அன்றே பில், மருந்து என்று ஓடுவீர்கள். அதற்கு முதல் நாளே பிசியோவைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னால் நீங்கள் உங்கள் கையால் பெரியவரை எழுப்பி, உட்கார வைத்து, நடக்க வைத்துக் காட்டுங்கள். வீட்டில் அதைச் செய்யப் போகும் ஆள் யாரோ அவர்தான் செய்து காட்ட வேண்டும்.

ஒரு சின்னச் சோதனையும் கேளுங்கள்: நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காருவது. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று கணக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து போகும் பெரியவர்களில் நிறையப் பேருக்கு அதற்கு மேல்தான் ஆகும். எண்ணைக் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை வீட்டில் பார்த்தால் முன்னேற்றம் தெரியும்.

படி ஏற வேண்டிய வீடு என்றால் ஆஸ்பத்திரிப் படியிலேயே பழகிவிட்டுப் போங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். ஒரு கை கைப்பிடியில் இருக்கட்டும். வாக்கரைப் படியில் பயன்படுத்தக் கூடாது.

வீட்டில் முன்கூட்டியே ஒருவரை அனுப்பிச் செய்ய வேண்டியவை: நடைபாதையில் உள்ள மிதியடி, வயர், மோடா எல்லாம் ஓரம் போகட்டும். பாத்ரூமில் சுவரில் கைப்பிடிக் கம்பி. துண்டு மாட்டும் கம்பி எடை தாங்காது. இந்தியன் டாய்லெட் மட்டும்தான் என்றால் நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலியை அதன் மேல் போட்டுக்கொள்ளலாம். பாயில் படுப்பவருக்குக் கட்டில் வேண்டும். உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் உயரம் சரியான உயரம். நாற்காலி தாழ்வாக இருந்தால் கெட்டியான மெத்தை போட்டு உயர்த்துங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள் டிஸ்சார்ஜுக்கு முன் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கொடுத்துப் பெயர் பதிந்துகொள்ளுங்கள். 104 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் மறுபடி "ரெஸ்ட்" ஆரம்பிக்கும், பார்க்க வருகிறவர்களும் அதையே சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் எழுதிய அதே நோட்டைத் தொடருங்கள்: மூன்று வேளையும் நாற்காலியில் சாப்பாடு, காலை மாலை பத்துத் தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, முற்றம் வரை நடை. மூன்று நான்கு நாளில் நடை கூடாமல் குறைந்துகொண்டே போனால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் முன்னாடியே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.